36 வருஷம் வரலாறு நடத்தியவன் என்ற முறையில், உள்ளதை உள்ளபடி

ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் தொடக்கக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு) இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் வரலாறு எடுத்துவிட்டு ஆசிரியராகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "இந்தச் சிங்கப்பூர்த் தீவுக்கு மொத்தமே 200 வருஷக் கதை. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் 30 வருஷம் என்ன நடத்துவான், சலித்துப் போகாதா, அந்த வேலையில் இருந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்" என்கிறார்.

நான் இருந்தவன். 1984ல் ஒரு தொடக்கக் கல்லூரியில் சேர்ந்தேன், நடுவில் வேறொன்றுக்கு மாறினேன், 2020ல் ஓய்வு பெற்றேன். கடைசி வகுப்பை அந்த ஏப்ரல் மாதம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஸூமில் நடத்தினேன். கொவிட்-19 நேரம், எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்துதான். வியட்நாம் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. பிள்ளைகள் மைக்கைத் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். என் பிரிவுபசார விழா அதுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். தொடக்கக் கல்லூரியில் வரலாறு என்றால், இந்தத் தீவைப் பிரிட்டிஷ் துறைமுகமாக்கிய ராஃபிள்ஸ் வந்தார், போனார் என்று இரண்டு வருஷம் ஓட்டுவதில்லை. நாங்கள் நடத்தியதில் பெரும்பகுதி தென்கிழக்காசியா, அப்புறம் உலக வரலாறு. சுகர்னோ, ஹோ சி மின், ஆசியான், பனிப்போர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பனிப்போர் என்பது பாடமே இல்லை, செய்தி. அந்த அத்தியாயத்துக்கு முடிவு கிடையாது. புரொஜெக்டரில் வைக்கும் பிளாஸ்டிக் தாளில் ஐரோப்பா வரைபடம் ஒன்று கையால் வரைந்து வைத்திருந்தேன், மேற்கு ஜெர்மனி நீலம், கிழக்கு ஜெர்மனி சிவப்பு. 1989 நவம்பர் 9ஆம் தேதி பெர்லின் சுவர் திறந்தது. அடுத்த ஆண்டு இரண்டு ஜெர்மனியும் ஒன்றானபோது வகுப்பிலேயே விரலில் எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழித்தேன். சிவப்பும் நீலமும் குழம்பி ஊதாவாகிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். 1991ல் சோவியத் ஒன்றியமே போனபோது தாளையே தூக்கிப் போட்டேன், இப்போது நினைத்தால் வைத்திருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

1998 மே மாதமும் அப்படித்தான். இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ பதவி விலகியது மே 21. அதற்கு முந்தைய வாரம் ஜகார்த்தாவில் கடைகள் எரிந்தன, சீனக் குடும்பங்கள் தாக்கப்பட்டன. என் வகுப்பில் ஜகார்த்தாவிலிருந்து வந்து படித்த ஒரு பையன் இருந்தான். நான் அன்று பலகையில் எழுதியிருந்த தலைப்பு "புதிய ஒழுங்கின் நிலைத்தன்மை" (புதிய ஒழுங்கு என்பது சுகார்த்தோ ஆட்சியின் பெயர்). அவன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எதுவும் கேட்கவில்லை. நானாகவே அழித்துவிட்டு, வேறு பாடத்துக்குப் போனேன். சலிக்குமா என்று கேட்கிறீர்கள். பாடத்திட்டம் சலிக்கும், ஆசிரியர் அறைக் கூட்டங்கள் கட்டாயம் சலிக்கும். இந்த மாதிரி நேரங்கள் சலித்ததில்லை.

அந்த 200 வருஷக் கணக்கும் சரியில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1984 ஜனவரியில்தான் ஃபோர்ட் கேனிங் குன்றில் தொல்லியல் அறிஞர் ஜான் மிக்சிக் தலைமையில் அகழாய்வு நடந்தது. 14ஆம் நூற்றாண்டுச் சீன மட்பாண்டத் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் வெளியே வந்தன. அதே குன்றில் 1928லேயே தொழிலாளர்கள் தோண்டும்போது பொன் ஆபரணங்கள் கிடைத்திருந்தன. ஆனாலும் பள்ளிப் புத்தகத்தில் கதை பெரும்பாலும் 1819ல்தான் தொடங்கும், அதற்கு முன்னால் ஒரு மீன்பிடிக் கிராமம், அவ்வளவே. மண்ணுக்குள்ளிருந்து வந்தது புத்தகத்துக்குள் போய்ச் சேர முழுசாக ஒரு தலைமுறை பிடித்தது. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரிய பாறை ஒன்று இருந்தது, அதை 1843ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை யாராலும் முழுசாகப் படிக்க முடியவில்லை. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, "இதுதான் உங்கள் ஊரின் முதல் புத்தகம், கிழித்தாயிற்று" என்பேன்.

வகுப்பறைக்குள் சொன்னதைவிடத் தெருவில் நடந்து சொன்னதுதான் நின்றது. வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை, காப்பிக்கடையில் பசியாறிவிட்டு, சவுத் பிரிட்ஜ் சாலையில் தொடங்குவோம். மாரியம்மன் கோயில், 1827. பினாங்கிலிருந்து ராஃபிள்ஸின் இரண்டாவது பயணத்தோடு 1819 மே மாதம் வந்திறங்கிய நாராயண பிள்ளை கட்டியது. அவர்தான் இங்கே செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், 1822ல் தீயில் கடையை இழந்தார், மறுபடி எழுந்தார். பக்கத்திலேயே சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல். அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்து, நாகூர் தர்கா முன்னால் நிற்க வைத்து, "ஷூவைக் கழற்றுங்கள், கடலில் நிற்கிறீர்கள்" என்பேன். விழிப்பார்கள். தெலுக் ஆயர் என்றால் மலாயில் தண்ணீர் வளைகுடா. அந்தத் தெருதான் அப்போது கரை. நாகூர்க்காரர்கள் கப்பலை விட்டு இறங்கி, நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொல்ல எழுப்பிய நினைவிடம் அது. கொஞ்ச தூரத்தில் சீனர்கள் கடல் தெய்வத்துக்கு எழுப்பிய தியான் ஹோக் கெங் கோயில், அதே காரணம். அதே தெருவில் அல்-அப்ரார் பள்ளிவாசல், அதற்குப் பழைய பெயர் குச்சுப்பள்ளி. குச்சு என்றால் குடிசை. சுற்றுப்பயணத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கே அந்தச் சொல் தெரியாது, சீனப் பிள்ளைகள் "குச்சு, குச்சு" என்று சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது, கண்ணாடிக் கட்டடங்கள்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே கரையை மண் போட்டு நிரப்பத் தொடங்கிவிட்டார்கள்.

(இடையில் ஒரு வார்த்தை. 36 வருஷத்தில் புதிதாக வரும் சக ஆசிரியர் யாராக இருந்தாலும் முதல் நாள் என்னிடம் கேட்பது "நீங்கள் தமிழா, கணக்கா?" என்றுதான். வரலாறு என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, பழகிவிட்டது.)

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் நடை முடியும். அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825லிருந்து ஆங்கிலேயர் இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து சாலை போட, சதுப்பை நிரப்ப, கட்டடம் எழுப்ப வைத்தார்கள். உட்சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை எல்லாம் சேர்த்துப் பசையாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். நம் ஊர் மச்சு வீடுகளின் கைப்பக்குவம். சிராங்கூன் சாலைப் பக்கத்தை அந்தக் காலத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொன்னார்கள், அங்கே சுண்ணாம்புக் காளவாய் இருந்ததால். வீரமாகாளியம்மன் கோயிலுக்கே சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று பெயர். அங்கே தேக்கா சந்தைக்கு இட்லி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று பார்த்தால், சரி விடுங்கள்.

அதே தேவாலயச் சுவரில் 1915ஆம் ஆண்டுக் கலகத்தில் இறந்தவர்களுக்கு நினைவுக் கல்வெட்டுகள் உண்டு. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. அலெக்ஸாண்ட்ரா முகாமில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்திய முஸ்லிம் சிப்பாய்களில் ஏறக்குறைய பாதிப் பேர் துப்பாக்கியைத் திருப்பினார்கள். துருக்கியோடு போர் என்ற மனக்கசப்பு, எங்கே அனுப்பப் போகிறார்கள் என்ற பயம், அதிகாரிகளுக்குள் இருந்த பூசல், எல்லாம் சேர்ந்து வெடித்தது. அடக்கிய பிறகு 47 சிப்பாய்களை அவுட்ரம் சாலைச் சிறைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, ஆயிரக்கணக்கான மக்கள் பார்க்கச் சுட்டார்கள். நான் பிள்ளைகளிடம் ஒன்றும் விளக்க மாட்டேன். கல்வெட்டில் உள்ள பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். எழுதி முடித்ததும், "சுவரைக் கட்டியவன் பெயர் எங்கே, தேடிப் பாருங்கள்" என்பேன். பத்து நிமிஷம் தேடுவார்கள். பாவம், உண்மையாகவே தேடுவார்கள்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் இந்த வேலைக்கு வந்தால் இதைத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். ஜப்பான்காரன் காலம். சிங்கப்பூர் விழுந்ததும் ஒரு பிப்ரவரி 15தான், 1942ல், அதுவும் சீனப் புத்தாண்டு அன்று. இன்று அது முழுமைத் தற்காப்பு தினம். விழுந்த சில நாளில் சூக் சிங் தொடங்கியது. சீன ஆண்களை வரிசையில் நிற்க வைத்து, பொறுக்கியெடுத்து, லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானியத் தரப்புக் கணக்கு சுமார் 5,000 பேர், சீனச் சமூகம் சொல்வது 50,000 வரை. அதே ஊர், அடுத்த வருஷம். 1943 ஜூலை 2ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் வந்திறங்குகிறார், 5ஆம் தேதி பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவ அணிவகுப்பு, அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிப்பு. ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் வந்து ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி அதன் தலைவி.

2005 வாக்கில் ஒரு வகுப்பு. ஒரு தமிழ்ப் பையன் தன் கொள்ளுப்பாட்டி ராணுவ உடையில் இருக்கும் படத்தைப் பெருமையாகக் கொண்டுவந்தான். பக்கத்து வரிசையில் ஒரு சீனப் பெண், அவள் பாட்டியின் அண்ணன் அந்த லாரியில் ஏறியவர், திரும்பவில்லை. படம் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. பார்த்துவிட்டுக் கேட்டாள், "இவர்கள் ஜப்பான் பக்கமா?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. வகுப்பு என்னைப் பார்த்தது. எனக்கு அந்த இடத்தில் சொல்ல நாலு பக்கம் குறிப்பு இருந்தது: அவர்கள் இலக்கு இந்திய விடுதலை, பிரிட்டிஷ்காரன் கைவிட்டுப் போன சிப்பாய்கள், இன்னும் என்னென்னவோ. எதுவும் வாயில் வரவில்லை. "நீ இவன் பாட்டிக்கு ஒரு கேள்வி எழுது, நீ இவள் பாட்டிக்கு ஒரு கேள்வி எழுது, வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று மணி அடிக்கும்வரை சமாளித்தேன்.

அந்தப் பெண் எழுதிய கேள்வி: ஏன் சேர்ந்தீர்கள்? அடுத்த வாரம் பையன் வந்து சொன்னான். கொள்ளுப்பாட்டிக்கு அப்போது 80க்கு மேல். தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பெண், கூட வெட்டிய தோழிகள் நாலு பேர் போனார்கள், இவரும் போனார். போன இடத்தில் பூட்ஸ் கொடுத்தார்கள். அதுவரை காலில் செருப்புகூடப் போட்டதில்லையாம். பூட்ஸ் பெரிதாக இருந்ததால் துணி திணித்துக்கொண்டு நடந்தாராம். நேதாஜி பேசியது இந்துஸ்தானியில், ஒருவர் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டது. "அதுக்கு முன்னாடி என்னை யாரும் நேரா நிக்கச் சொன்னதில்ல, குனியத்தான் சொல்லியிருக்காங்க." பையன் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாசித்தபோது அவனுக்கே இது தான் எதிர்பார்த்த பதில் இல்லை என்பது தெரிந்தது.

அவன் கேள்விக்குச் சீனப் பாட்டி பதிலே சொல்லவில்லை. அரிசி விலையைப் பற்றியும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினாராம். ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரமாக்கியதால் விடிவதற்கு முன்னாலேயே வரிசையில் நிற்க வேண்டியிருந்ததைச் சொன்னாராம். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதையும் அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டுவந்தாள். "பேசாதது" என்று தலைப்புப் போட்டு, கீழே கோடு போட்ட வெற்றுத் தாள். நான் திருத்திய ஆயிரக்கணக்கான தாள்களில் மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

இன்னொரு உதாரணம், இது கொஞ்சம் லேசானது. ஆர்ச்சர்ட் சாலையில் டோபி காட் எம்ஆர்டி பக்கம் மெக்டொனால்ட் ஹவுஸ் என்று செங்கல் கட்டடம் இருக்கிறது, தினமும் எத்தனை ஆயிரம் பேர் தாண்டிப் போகிறார்களோ. 1965 மார்ச் 10, இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நடத்திய கொன்ஃபிரன்டாசி காலத்தில், இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் அங்கே குண்டு வைத்தார்கள். 3 பேர் இறந்தார்கள். 1968ல் இருவரையும் இங்கே தூக்கிலிட்டார்கள். உடல்கள் ஜகார்த்தா போனதும் கலிபாத்தா தேசிய வீரர் கல்லறையில் அடக்கம். 1973ல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ அங்கே போனபோது அந்தக் கல்லறைகளில் மலர் தூவினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், 2014ல் இந்தோனேசியா ஒரு போர்க்கப்பலுக்கு அவர்கள் இருவரின் பெயரையும் வைத்தது, இங்கே கொதித்தது. அந்த வாரம் நான் பாடமே எடுக்கவில்லை. இரண்டு நாட்டுப் பத்திரிகைச் செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்து, அடைமொழிகளுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொன்னேன். ஒரே இரண்டு பேர்தான். எங்கே நின்று எழுதுகிறாய் என்பதைப் பொறுத்துப் பயங்கரவாதி, எங்கே நின்று எழுதுகிறாய் என்பதைப் பொறுத்து மாவீரன். அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா என்று ஒரு பிள்ளை கேட்டான். இல்லை, இறந்த 3 பேருக்கு எந்தப் பக்கத்திலும் அடைமொழி இல்லை பார், என்றேன்.

இப்படியெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்த என் கதையைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது 1958ல். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. 1965 ஆகஸ்ட் 9, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த நாள், எனக்கு 7 வயது. அன்று சாயங்காலம் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சமூக மன்றத்துக்குப் போனார். அங்கே ஒரே ஒரு டிவி. கூட்டம். ஈரக் குடை வாசனை. திரையில் லீ குவான் இயூ பேச முடியாமல் நிறுத்திக் கண்ணைத் துடைக்கிறார். அப்பாவின் கழுத்து எனக்குக் கீழே இறுகுவது தெரிகிறது. இதை நான் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வேன். குரலைத் தாழ்த்தி, அந்தக் கழுத்து இறுகும் இடத்தில் ஒரு நொடி நிறுத்துவேன். நன்றாக எடுபடும். 15 வருஷம் சொன்னேன்.

1999ல் ஒரு பெண் பிள்ளை, முன்வரிசை, கண்ணாடி. "சார், அந்தக் காட்சியை ஒவ்வொரு தேசிய தினத்துக்கும் டிவியில் போடுகிறார்கள். நீங்கள் பார்த்தது அன்றைக்குத்தான் என்று எப்படித் தெரியும்?" என்றாள். மூலச்சான்றை எப்படிக் கேள்வி கேட்பது என்று நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான், என்மேலேயே திருப்பினாள். சிரித்து மழுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது, ஆதரவாக ஒரு வார்த்தை கிடைக்கும் என்று, கேட்டேன். அக்கா என்னைவிட 5 வயது மூத்தவர்.

"நீ எங்கடா வந்தே? உனக்கு அம்மை போட்டிருந்துச்சு. வாசல்ல வேப்பிலை சொருகி, உன்னைப் பாயில படுக்க வெச்சிருந்தோம். வெளியே விட்டா அம்மா கொன்னிருப்பாங்க. நான்தான் போனேன், பக்கத்து வீட்டுக்காரங்களோட."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவும் ஒரு சாட்சிதானே, 34 வருஷத்துக்குப் பிறகு சொல்லும் சாட்சி. ஆனால் அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டி என்னிடம்தான் இருந்தது. அதில் சின்னச் சின்னப் பாக்கெட் டைரிகள், வருஷத்துக்கு ஒன்று. ஓவர்டைம் கணக்குக்காக வைத்திருந்தது. 1965ஐத் தேடி எடுத்தேன். ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை: "தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர்." அம்மை இறங்கினால் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ஊற்றுவார்களே, அது. அப்படியானால் 9ஆம் தேதி நான் பாயில்தான். அக்கா ஜெயித்தார். அதோடு விட்டிருக்கலாம், பக்கத்தைத் திருப்பினேன். ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, அப்பாவின் பென்சில் எழுத்தில் ஒரே வரி: "ஓ.டி. 3 மணி."

அன்றைக்கு அப்பாவும் சமூக மன்றத்துக்குப் போகவில்லை. ஒரு நாடு பிறந்த சாயங்காலம் அவர் பணிமனையில் நின்றுகொண்டிருந்தார். தோளும் இல்லை, கழுத்தும் இல்லை. எத்தனையோ ஆகஸ்ட் மாதங்களில் திரும்பத் திரும்ப டிவியில் பார்த்ததை எடுத்து, எங்கோ வேறொரு மழை நாளின் குடை வாசனையைச் சேர்த்து, நானே தைத்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கழுத்து தெரிகிறது.

திங்கட்கிழமை டைரியை வகுப்புக்குக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அதற்கப்புறம் 20 வருஷம், ஒவ்வொரு புது வகுப்புக்கும் முதல் நாள் பாடம் இதுதான். முதலில் அந்தத் தோள் கதையை அதே தாழ்ந்த குரலில் சொல்வேன், உருகுவார்கள், அப்புறம் டைரியை எடுத்து மேசைமேல் வைப்பேன். சில பிள்ளைகளுக்கு என்மேல் உண்மையிலேயே கோபம் வரும்.

வேலையின் மற்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் மகள் என்னைத் திட்டுவாள். பட்டத்துக்குப் பிறகு தேசியக் கல்விக் கழகத்தில் பட்டயப் படிப்பு, கல்வி அமைச்சு சம்பளம் கொடுத்து அனுப்பும், அப்புறம் ஒப்பந்தக் காலம் உண்டு. ஆசிரியர் ஆவதென்று முடிவெடுக்கும் முன் ஒப்பந்த ஆசிரியராகச் சில மாதம் பள்ளியில் நின்று பார்க்கட்டும், அது ஒன்றே பாதி பதில் சொல்லிவிடும். எந்த நிலையில், எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை, தொடக்கக் கல்லூரிகளே 2019ல் சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. திருத்துவதற்குக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கும். எனக்கு ஒரு தவணைக்கு 80 கட்டுரை, ஒவ்வொன்றும் நாலைந்து பக்கம். எல்லாக் கேள்வியும் "எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?" என்றுதான் முடியும், எல்லாப் பதிலும் "பெருமளவு ஒப்புக்கொள்கிறேன், இருப்பினும்" என்றுதான் தொடங்கும். சாம்பாரில் உப்பு சரியா என்று மனைவி கேட்டால் நானும் அப்படித்தான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்றை ஊட்டும் தேசியக் கல்வித் திட்டம் 1997ல் தொடங்கிய பிறகு வரலாற்று ஆசிரியர் என்றாலே தேசிய தின அணிவகுப்புக்கும் இன நல்லிணக்க நாளுக்கும் பொறுப்பாளர் என்றாகிவிட்டது. அதில் பாதி நல்ல வேலை, பாதி பலூன் ஊதும் வேலை. சம்பளம் குறை சொல்ல முடியாது. நேரம்தான் இருக்காது.

அவள் தமிழ் நன்றாகப் படிப்பாள் என்றால் ஒரு விஷயம் சொல்லுங்கள். 1887லிருந்து 1890 வரை மகுதூம் சாயபு இங்கே நடத்திய சிங்கை நேசன் பத்திரிகை, 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள், இவையெல்லாம் இப்போது தேசிய நூலகத்தின் மின்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். என் காலத்தில் இதற்கு மைக்ரோஃபிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றிக் கண் போகும். 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு எடுத்த நேர்காணல்களில் தமிழிலும் உண்டு. இந்த ஊர் வரலாற்றை எழுதுகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். வேலை நிறையக் கிடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், வரட்டும்.

நானும் ஓய்வுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விடவில்லை. போன வருஷம் அக்காவை உட்கார வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அன்று சமூக மன்றத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தானே எங்கள் வீட்டில். யார் அழுதார்கள், யார் என்ன பேசினார்கள் என்று முறைப்படி கேட்டேன். அதெல்லாம் நினைவில்லை என்றார். கூட்டம் கலையும்போது வாசலில் செருப்பெல்லாம் கலந்துபோய்விட்டது, ஒரு கால் தன்னுடையது, ஒரு கால் யாருடையதோ, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அடி வாங்கினார், அதுதான் நினைவிருக்கிறதாம். விடாமல், அந்த மாறிப்போன செருப்பு என்ன நிறம் என்று கேட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கறுப்பு வெள்ளைதான்டா. அப்போ எல்லாமே கறுப்பு வெள்ளைதானே."